வரிக்கு இரண்டு டாலர்

பத்திரிகை அலுவலகத்துப் பெண்
தொலைபேசியில் சொன்னாள்:
முதல் நான்கு வரி இலவசம்,
அதற்குமேல் வரிக்கு இரண்டு டாலர்.
விவசாயி, போர்வீரர், குடும்பத்தை நேசித்தவர்.
இப்படியே போட்டுக்கொள்ளட்டுமா அம்மா?
போட்டுக்கொள் என்றேன்.
அடுப்பில் காப்பி பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

ஆர்லின் ஸ்டென்ஸ்ரூட்.
வலது காலில் ஐந்து விரல், இடது காலில் மூன்று.
கல்யாணத்தன்று இரவு
சட்டையைக் கழற்றும் முன்னே காலுறையைக் கழற்றினான்,
கடன் பத்திரத்தை எடுத்து நீட்டுகிறவன் போல.
பார்த்துக்கொள்,
பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதே.
மற்ற இரண்டும் எங்கே என்றேன்.
கொரியாவில், பனியில் என்றான்.
எட்டு போதும் என்று விளக்கை அணைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கே கை வைத்தாலும் காலுறை.
டிராக்டரின் கருவிப் பெட்டியில்
கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில்
ரொட்டிக் காகிதம் சுற்றிய ஒரு ஜோடி.
பிக்கப் இருக்கைக்கு அடியில் நான்கு.
தேவாலயத்துக்குப் போடும் கோட்டின் உள்பையில்
காணிக்கை உறையோடு ஒன்று.
பிள்ளைகள் மூன்று பேரின் பள்ளிப் பையிலும்,
மே மாதம் பிறந்த பிறகும்.
எல்லாரும் சிரிக்கிறார்கள் அப்பா என்று லோர்னா அழுவாள்.
சிரிக்கட்டும்.
கால் நனைந்ததா இல்லையா, அதைச் சொல்.

ஒரு ஜூலையில்
பதினோரு நிமிட ஆலங்கட்டி மழை
கதிர் முற்றிய கோதுமையை மண்ணோடு அடித்துப்போட்டது.
வரப்போரம் நின்று பார்த்தான்.
வீட்டுக்கு வந்து கார்ஸ்டனின் சைக்கிளுக்குச்
செயின் மாட்டிக் கொடுத்தான்.
அந்த வருஷம் வங்கிக்காரனிடம் கத்தினான்,
என்னிடமும் கத்தினான்,
சைக்கிளிடம் கத்தவில்லை.

அந்தக் கார்ஸ்டனே
படையில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றபோது
பதினோரு நாள் அவனோடு பேசவில்லை.
பன்னிரண்டாம் நாள்
பையனின் கட்டிலில் ஆறு ஜோடி கிடந்தன, கம்பளி,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.

பிப்ரவரியில் ஒருநாள், குளிர் முப்பதுக்கும் கீழே.
தலைச்சன் பசு நள்ளிரவில் ஈன்றுவிட்டது.
வெந்நீர் வாளியோடு தொழுவத்துக்குப் போனேன்.
கன்றின் காது உறைந்து உதிராமல் இருக்க
தன் காலுறையைக் கழற்றி
இரண்டு காதிலும் மாட்டியிருந்தான்.
வெறுங்கால் ரப்பர் பூட்ஸுக்குள்.
மடியில் கன்று.
அதனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

கிளைட் என்று ஒருவன்.
கிளைட் மேபரி, அலபாமாக்காரன்,
அதற்கு முன் பனியையே பார்த்திராதவன்.
காலையில் எழுப்பினால் எழவில்லை.
அவன் காலுறை நனையாமல் இருந்தது.
கழற்றி நான் போட்டுக்கொண்டேன்.
இன்னும் சூடு இருந்தது அதில்,
தெரியுமா உனக்கு, சூடு இருந்தது.

கன்று சீம்பால் தேடி
அவன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே போகவில்லை.
தண்ணீர் ஆறிவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு
திரும்பிப்போய்ச் சுடவைத்தேன்.
வேண்டுமென்றே தாமதமாக வந்து
கதவருகே இருமினேன்.
அதன்பின் நாற்பது வருஷம்,
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாமோ என்று
இந்த வாரம் மூன்று முறை தோன்றியது.

சவ அடக்க நிலையத்துக்காரர் நல்லவர்.
காலுக்கு எதுவும் வேண்டாம் அம்மா,
பெட்டியின் கீழ்ப்பாதி மூடித்தான் இருக்கும் என்றார்.
கொண்டுவந்ததை நீட்டினேன்.
ஒரு ஜோடி அவன் காலுக்கு.
இன்னொன்று சட்டைக்குள், கக்கத்தில்.
ஈரம் காய அங்கேதான் வைக்கச் சொல்லி
அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

இரண்டாவது யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

வெளியே மார்ச் பனி
இளகிச் சேறாகிக்கொண்டிருந்தது,
கால் நனைகிற பருவம்.