மாட்டான்

பெரம்பூரில் லோகோ ஒர்க்ஸ் சுவருக்கு எதிரே
பஷீர் பாய் தையல் கடைக்கு மேலே எங்கள் பள்ளி.
போர்டு கிடையாது.
கைப்பிடிக் கம்பியில் கட்டிய சிவப்பு வாளிதான் அடையாளம்.

சேர்ந்த அன்றே ஒரு நோட்டைக் கொடுத்து
விக்டோரியா அக்கா சொன்னார்:
"பார்த்ததை எழுது.
நினைச்சதை எழுதாதே."

எனக்கா எழுதத் தெரியாது?
ஆறு வருஷம் மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி.
நாற்பத்திரண்டு நோட்டிலும் ராத்திரியே புள்ளி வைத்து
காலையில் புள்ளிமேல் ஓட்டச் சொன்ன கை இது.
எழுதினேன், தர்ஷித்தைப் பற்றி:

வட்டத்தில் உட்கார மாட்டான்.
கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.
பாட்டுக்குக் கை தட்ட மாட்டான்.
பேச மாட்டான்.

அக்கா திட்டவில்லை.
நான்கு 'மாட்டா'னையும் சுழித்துவிட்டுக் கேட்டார்:
"மூணு மணி நேரமும்
செய்யாமலேயேவா இருந்தான்?"

மறுநாள் அந்தச் சொல் இல்லாமல் ஒரு வரி நகரவில்லை.
எவ்வளவு வசதியான சொல்!
எந்த வினைக்குப் பின்னாலும் ஒட்டும்.
ஒட்டியதும் ஒரு பிள்ளையின் கதை முடிந்துவிடும்.

பத்து மணிக்கு மேல்தான் பேனா ஓடியது.
செருப்பு ஸ்டாண்டுக்குப் போனான்.
எல்லாவற்றையும் இறக்கினான்.
அறுந்த வார் ஒன்றை முகர்ந்து பார்த்தான்.
ஒர்க்ஸ் சங்கு ஊதுமுன்
இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.
முன் என்ற சொல்லுக்குக் கீழே
அக்கா ஒரு கோடு இழுத்தார்.

வியாழக்கிழமை, சுவரோரம்
செருப்புகள் வரிசையாக இறங்கி
மூலையில் திரும்பி வலப்பக்கம் ஓடின.
ட!
கத்தியே விட்டேன்.
நோட்டில் கொட்டை எழுத்தில்: ட எழுதினான்.

அதையும் அடித்தார்.
"சுவரு அங்க திரும்புது, செருப்பும் திரும்புச்சு.
ட உன்னோடது, செல்வராணி. நீயே வச்சுக்கோ."
29சி-யில் வீடு போய்ச் சேரும்வரை
அவர்மேல் எனக்குக் கோபம்.

ஆகஸ்டில் நிலோஃபர் வந்தாள்.
இடது காலில் கேலிப்பர். கனத்த ஒற்றை பூட்ஸ்.
மற்றக் காலில் பூப்போட்ட ஷூ.
படிக்குக் கீழே நின்று அவள் அம்மா,
"மெதுவா ஏறிடுவா. ஓட மட்டும்..." என்று நிறுத்தினார்.
விட்ட சொல் எனக்குத் தெரியும்.

அன்று நோட்டை அக்காவே எடுத்து எழுதினார்,
பிள்ளையைப் பற்றி அல்ல:
பதினாறு படி. ஏழாவது உடைசல்.
கைப்பிடி ஒரு பக்கம்தான்.
அதுவும் வலது.

மூன்றாம் வாரம் நாங்கள் கீழே இறங்கினோம்.
துணிமூட்டைகளை ஓரம் தள்ளி
பஷீர் பாய் பின்னறையைக் கொடுத்தார்,
வாடகையில் ஐந்நூறு கூட்டித்தான்.
மெஷின் சத்தத்தில் கதை பாதிதான் கேட்கும்.
நூல்கண்டு மட்டும் வேண்டிய அளவு.
பிள்ளைகள் கேலிப்பரை முறைபோட்டுத் தூக்கிப் பார்த்தார்கள்.
"யம்மா, என்னா வெயிட்டு!"
நிலோஃபருக்கு ஒரே பெருமை.

கதை நேரத்தில் அதைக் கழற்றி வைத்தாள்.
தர்ஷித் வந்தான்.
தூக்கினான். கீழே வைத்தான். மறுபடி தூக்கினான்.
அறை முழுக்கத் தேடிப்
பூப்போட்ட ஷூவைக் கண்டுபிடித்து
அதன் பக்கத்தில் வைத்தான்.
தொங்கிய வாரை இழுத்து நேராக்கினான்.
ஜோடி சேர்த்தான் என்று எழுதப் போய்
ஜோ-வோடு நிறுத்தினேன். அடித்தேன்.
இரண்டையும் பக்கத்தில் வைத்தான். 11.20.

பன்னிரண்டரைக்கு அவன் அப்பா வந்தார்.
துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர்.
தினமும் ஒரே கேள்வி:
"இன்னிக்கு என்னா படிச்சான்?"
பதிலுக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
ஹெல்மெட்டோடு நின்று
ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"வீட்லயும் என் பூட்ஸ எடுக்க வருவான் டீச்சர்.
நான்தான் விட மாட்டேன்."

சொல்லிவிட்டு அங்கேயே குனிந்து
கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.