பிற

புரட்டாசியில் யாரும் பெண் கொடுப்பதில்லை.
திருத்துறைப்பூண்டி செல்வ மஹால் மாதம் பூராவும் காலி.
அரை வாடகைக்குப் பேசி முடித்தார் ஒருங்கிணைப்பாளர்.
மணமேடை வரைக்கும் முப்பது தையல் மெஷின்,
மணமகள் அறையில் நானும் கணினியும்.
கண்ணாடியைச் சுற்றி யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன
ஸ்டிக்கர் பொட்டுகள் நாற்பத்து மூன்று.
எண்ணுவதுதான் எனக்கு வேலை.

திட்டத்தின் பெயர் நீளம், பேனரில் இரண்டு வரி.
நாங்கள் தையல் கிளாஸ் என்போம்.
முப்பது பெண்கள், முப்பது நாள்,
நாளுக்கு நூறு ரூபாய், எல்லாம் முடிந்தபின் வங்கியில்.
காலை பத்தரைக்குள் முப்பது கைரேகை
சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும்.
சேராவிட்டால் எனக்கு போன் வரும்.

பன்னிரண்டாம் நாள் முள்ளியாற்றில் முறை மாறி
கடைமடைக்கும் தண்ணீர் வந்தது.
அன்று பத்தொன்பது பேர்.
மறுநாள் ஒன்பது.
பவளக்கொடிக்கு போன் போட்டேன்.
சேறு மிதிபடும் சத்தம், யாரோ சிரிப்பது.
"நாத்து பறிச்சுப் போட்டாச்சு மேடம், விட்டா வாடிரும்.
மிஷினு வாடாதுல்ல?"

வராதவர்க்குக் காரணம் கேட்கும் செயலி.
சின்ன அம்புக்குறியைத் தொட்டால் பெட்டி விரியும்:
உடல்நலக் குறைவு
திருமணம்
மகப்பேறு
இடப்பெயர்வு
விருப்பமின்மை
பிற.
நடவு என்று இல்லை.
எழுதிய பையனைக் குறை சொல்ல மாட்டேன்.
வேலையில்லாதவர்கள் என்றுதான்
அவனிடம் சொல்லியிருப்பார்கள்.
வேலை இருப்பதால் வர முடியாதவளை
அவன் எந்தப் பெட்டியில் போடுவான்?
இருபத்தொரு தடவை அழுத்தினேன்.
பிற. பிற. பிற.

கோடு ஏன் இந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க
துணை இயக்குநர் திருவாரூரிலிருந்து காரில் வந்தார்.
நல்ல மனிதர். கத்தவில்லை.
"பெண்கள் வீட்டை விட்டு வெளியே வரவே தயங்குகிறார்கள்,
அதுதான் சிக்கல்" என்று குறித்துக்கொண்டார்.
பிறகு இளநீர் குடித்தபடி,
"வழி நெடுக நடவு நடக்கிறது, கண்ணுக்கே குளிர்ச்சி"
என்றார்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள்.
நீரில் ஊறி வெளுத்த விரல்கள், ரேகை மழுங்கி.
கருவி சிவப்பாய் எரிந்தது: மீண்டும் முயலவும்.
தையல்நாயகி (பெயரிலேயே தையல் இருக்கிறதே என்று
சேர்த்துவிட்டது நான்தான்)
விரலைத் தலைமுடியில் தேய்த்து வைத்தாள்.
மீண்டும் முயலவும்.
புடவையில் துடைத்து வைத்தாள்.
மீண்டும் முயலவும்.
வலது முடிந்து, இடது கட்டை, இடது ஆள்காட்டி...
மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு.
"இது ஒண்ணுதான் சேத்துக்குத் தப்பிருக்கு" என்றாள்.

திருப்பூர் கம்பெனி பஸ் அனுப்பியபோது
ஏறியது ஏழு பேர். அவளும் ஒருத்தி.
நீயுமா, என்றேன்.
"நடவு, களையெல்லாம் சேத்து வருசத்துக்கு எழுவது நா.
மிச்ச நாளைக்கு நான் யாரு மேடம்?"
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.

முதல் சம்பளச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள்.
அவள் பெயர், அப்பா பெயர், எல்லாம் சரியாக.
"பி.எஃப்.னு பிடிக்கிறாங்க. நல்லதா கெட்டதா மேடம்?"
பதினோரு மாத ஒப்பந்தம் என்னுடையது,
இது மூன்றாவது பதினோரு மாதம்.
நல்லதுதானாம், என்று அனுப்பினேன்.

ஐப்பசியில் முதல் முகூர்த்தம்.
மெஷின்களைக் குட்டி யானையில் ஏற்றிவிட்டோம்.
கண்ணாடியில் ஒரு பொட்டு கூடியிருக்கும் இந்நேரம்.
அடுத்த பேட்ச் மார்கழியில்.
அப்போதும் கல்யாணம் கிடையாது, அதே அரை வாடகை.
அறுப்புக்கு ஆள் போய்விடுவார்களா என்று மேலிடத்தில் கேட்டார்கள்.
அறுவடைக்கு இப்போதெல்லாம் இயந்திரம்தான்,
வருகை குறையாது, என்று
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.