எழாத கட்டை

செம்பனைக் குலை ஏற்றும் லோரியில்தான்
பியானோ வந்தது.
மெதடிஸ்ட் தேவாலயத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
நாலு பழைய மெத்தை, ஒரு தார்ப்பாய்,
பின்னால் மோட்டாரில் பாதிரியார்.
இறக்கும்போது கால்சக்கரத்தில் ஒரு பழம் நசுங்கி
தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வாசலிலிருந்து மேடைவரை
செவ்வெண்ணெயில் ஒரு கோடு.

ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
பதினான்கு வயதில் கீபோர்டு, மூன்றாம் கிரேடு,
அதோடு நின்றது.
"பாகாவ் சுற்றுவட்டாரத்துல நோட்டு தெரிஞ்ச ஆளு
நீதான்மா" என்றார் பெற்றோர் சங்கச் செயலாளர்.
பக்கம் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கோலாலம்பூரிலிருந்து வேனில் நால்வர்:
வயலின் சியா வெய் ஷான்,
இன்னொரு வயலின் நூர் இஸாத்தி,
வயோலா தர்வின்,
செல்லோவுக்குத் தனி இருக்கை, பக்கத்தில்
சபாக்காரி ஜொவானா.
நால்வரில் மூத்தவளுக்கே இருபத்தாறு.
பினாங்கிலிருந்து விருந்தாளியாக ஜெசிந்தா பொன்னையா,
வந்ததும் மூடியைத் திறந்து
கீழிருந்து மேலாக ஒருமுறை ஓடினார்.
நடுவில் நின்றார்.

"இது எழ மாட்டேங்குது."

அழுத்தினால் அமுங்கியது, ஒலித்தது,
அப்படியே கிடந்தது.
எங்கள் ஊரில் ஈரம் எதிலும் ஏறும்:
உப்பில், தீப்பெட்டியில், கல்யாண ஆல்பத்தில்.
இரவு ஷிப்டு முடிந்து வந்த மறுநாள்
"கட்டை எந்திரிக்க மாட்டேங்குது" என்பாரே அப்பா,
அதே சோம்பல்.
சரிசெய்யும் ஆள் சிரம்பானில். திங்கட்கிழமைதான் வருவார்.
ஜெசிந்தா என் கையைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.
"நான் அடிச்சதும் நீ தூக்கி விட்டுடு."

எட்டு மணி. தாள் பறக்கிறதென்று
மின்விசிறிகளை நிறுத்தினார்கள்.
நூற்றறுபது பேர் வியர்த்தார்கள்.
கடைசி வரிசையில் ஆலைச் சீருடையோடு
மூன்று நேப்பாளிகள்.
முதலில் கேட்டது இசையில்லை,
ஐந்து மூக்குகள் ஒன்றாக உள்ளிழுத்த காற்று.

அடித்தார், தூக்கினேன்.
அடித்தார், தூக்கினேன்.
மெல்லப் போகும் பகுதியில் அடிக்கடி வந்தது அந்தச் சுரம்;
என்றோ செத்துப்போன ஜெர்மானியனுக்கு
அதன்மேல் அப்படியோர் ஆசை.
பகுதி முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்,
தட்டக்கூடாதென்று யாரும் சொல்லியிருக்கவில்லை.
தர்வின் சிரித்துவிட்டான்.

கடைசிப் பகுதி ஓட்டம்.
பக்கமும் கட்டையும் ஒரே நொடியில் வந்தன.
நான் கட்டையைத் தூக்கினேன்.
ஜெசிந்தாவின் இடக்கை பாய்ந்து தாளைப் புரட்ட
மூலை கிழிந்து செல்லோவின் காலடியில் விழுந்தது.
மன்னிப்புக் கேட்க நேரமில்லை.

அப்போதுதான் மழை.
தகரக் கூரையில் மழையென்றால் தெரியும்தானே,
பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டாலும் கேட்காது.
வில்கள் போய் வந்தன, ஒலி இல்லை.
குழந்தைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள்.
இஸாத்தி வெய் ஷானின் தோளைப் பார்க்கிறாள்,
வெய் ஷான் ஜொவானாவின் மணிக்கட்டை,
ஒருவரும் நிறுத்தவில்லை.
எனக்கும் எதுவும் கேட்கவில்லை.
ஆனால் நகத்துக்கடியில் அந்த மரம்
அதிர்ந்தது, அமுங்கியது, அதிர்ந்தது;
எந்த வரியில் இருக்கிறோமென்று
விரல் சொல்லிக்கொண்டே வந்தது.

எப்போது முடிந்ததென்று
மண்டபத்தில் ஆறு பேருக்குத்தான் தெரியும்.
வில்கள் காற்றில் நின்றதைப் பார்த்துப்
பின்வரிசை நேப்பாளி ஒருவர் எழுந்தார்,
பிறகு மற்றவர்கள்.
கைதட்டலும் கேட்கவில்லை.

வேனில் பொட்டலத்து மீ கோரெங் தின்றபடி
ஜெசிந்தா என் நகத்தை இன்னொருமுறை பார்த்து
பிளாஸ்திரி ஒன்று தந்தார்.

காலை ஏழு. அதே லோரி எடைமேடையில்.
பதினெட்டு டன் நானூற்று இருபது கிலோ.
கணினியில் பொத்தானை அழுத்தினேன்;
சுட்டுவிரல் தானாகவே அடியில் புகுந்து
அதைத் தூக்கப் பார்த்தது.
"என்ன தங்கச்சி, பழுதா?" என்றார் லோரிக்காரர்.
"இல்லண்ணே.
எந்திரிக்குது."