செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

மாதத்தின் முதல் செவ்வாய், காலை ஒன்பது மணி.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
ஆல்டர் மரங்களுக்கடியில் இறங்குகிறேன்,
தொடைவரை ரப்பர் பூட்ஸ்,
பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் ஆறு.
வாயை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி அமிழ்த்தி
குமிழ் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
தேவையில்லைதான். பழகிவிட்டது.

அறுபத்தோரு வீடுகள் குடிக்கிற ஓடை.
ஆரிகன் வரைபடத்தில் ஒரு மயிரிழை.
மேலே மொட்டையடித்த மலை:
புதிதாய் நட்ட ஃபிர் கன்றுகளுக்கு வெயில் வேண்டுமாம்,
அதனால் வேறெதுவும் முளைக்கக் கூடாதாம்.
ஹெலிகாப்டர் எப்போது வரும்?
ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே,
காற்றைப் பொறுத்து.

பதினேழு நாள் கழித்துத் தாள் வரும்.
ஹெக்ஸாசினோன்: கண்டறியப்படவில்லை.
ட்ரைக்ளோபிர்: கண்டறியப்படவில்லை.
"இல்லை என்று அர்த்தம்" என்பார்
குடிநீர் வாரியத்தின் லோவெல் ஹாக்கன்சன்.
அவர் வீடும் அந்த அறுபத்தொன்றில் ஒன்று.
இல்லை என்பதும் காணவில்லை என்பதும் ஒன்றா என்று
பூனையைத் தொலைத்தவளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓடைக்குக் கிழமை தெரியாது.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
ஒன்பது மணிக்கு நான் நிற்பேன்,
அது எனக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போகும்.

இந்த மே மாதம்,
வியாழனன்று மலைமேல் விசிறிச் சத்தம்.
சனி நள்ளிரவு தகரக் கூரையில் மழை.
படுத்தே இருந்தேன் கொஞ்ச நேரம்.
பிறகு லாரிச் சாவியைத் தேடினேன்.

ஒன்று நாற்பது என்று பென்சிலால் எழுதினேன்,
மையென்றால் கரைந்துவிடும்.
ஞாயிறு கூரியர் கிடையாது.
ஒரு பகல் முழுக்க என் குளிர்பெட்டியில்
பாலுக்கும் முட்டைக்கும் பக்கத்தில்
ஓடை இருந்தது.
ஆய்வகக் கட்டணம் என் கையிலிருந்து.

இம்முறை தாளில் ஓர் எண்.
நூறு கோடியில் இரண்டு பங்கு.
"வரம்புக்கு எவ்வளவோ கீழே" என்றார் லோவெல்.
கொஞ்சம் பொறுத்து,
"அட்டவணையில் இல்லாத மாதிரி,
கோப்பில் சேராது."
அன்று அவர் தன் குவளையைத் தொடவில்லை.
தாகம் இல்லாமலும் இருக்கலாம்.

மறுநாள் ஐலி தப்பானி வாசலில் நின்றாள்,
தோளில் ஆறு வாரக் குழந்தை.
எண்ணைச் சொன்னேன். தலையாட்டினாள்.
அவள் கேட்டது அதுவல்ல:
"மாவைக் கலக்க எந்த நேரத்துத் தண்ணீர் பிடிக்கட்டும்?"

அவள் கையிலும் ஒரு புட்டி.
கழுவிக் கவிழ்த்தது, காலி.
மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.
அடுத்த செவ்வாய்க்கு இன்னும் பத்தொன்பது நாள்.