நாற்பத்தேழாம் தொட்டி

லிம் சூ காங் சாலையில்
கல்லறைகளைக் கடந்து போகிற 975இல்
காலையில் நானும் ஓட்டுநரும் மட்டும்.
பிறகு பண்ணை வாசல், ஒரு நாய்,
காலணியை முக்கி எடுக்க மருந்துத் தண்ணீர்.

என் வேலை வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை.
நோய் பரப்புகிறேன்.
சாம்பல் பிடித்த தக்காளி இலையை
நல்ல இலைமேல் பிடித்துத் தட்டுகிறேன்.
பத்து நாள் கழித்து வந்து
பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடுகிறேன்.

வெளியே கொட்டுகிற மழை இதைக் கழுவிவிடும்.
கூரைக்குக் கீழே, குளிர்ந்த காற்றில்,
இதற்கு ராஜ வாழ்க்கை.
மழைக்கு ஒதுங்க நாங்கள் கட்டிய வீட்டில்
முதலில் பால் காய்ச்சியது இதுதான்.

“திருநீறு பூசினாற்போல்” என்று
ஒருமுறை எழுதப் போனேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
நான்கு என்று போட்டேன்.

கடைத் தக்காளிகள் எல்லாமே நான்கு, ஐந்து.
கடைசி மேசையில் காட்டு உறவுகள்.
ஆண்டீஸ் சரிவில் யாரோ எப்போதோ பொறுக்கி,
உறைக்குள் எண்ணாக வந்து,
எண்ணாகவே வளர்பவை.
தொட்டால் பிசுக்கு,
நசுக்கிய மூட்டைப்பூச்சியின் வாடை.
காய் கோலிக்குண்டு அளவு, பழுத்தாலும் பச்சை.
ரஃபிகுல் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு
மத்தியானம்வரை துப்பிக்கொண்டிருந்தார்.

அவற்றில் நாற்பத்தேழு:
பூஜ்யம்.

சந்தேகம் முதலில் என்மேல்தான்.
அன்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததே,
மகனுக்குக் காய்ச்சல் என்று;
தட்டாமல் விட்டிருப்பேன்.
மறுபடி தட்டினேன், வாரி இறைத்தேன்.
பத்து நாள். பூஜ்யம்.
டாக்டர் கோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
“இன்னொரு முறை” என்றார்.
பூஜ்யம்.

இலையில் ஒரு துண்டை வெளுக்க வைத்து,
நீலச் சாயம் ஏற்றி
நுண்ணோக்கியில் வைத்தோம்.
வித்து விழுந்திருந்தது. முளைத்திருந்தது.
இழை நீட்டி, ஒரு செல்லின் சுவரைத் துளைத்து
உள்ளே கால் வைத்தும் இருந்தது.
அந்தச் செல்
தன்னைத்தானே கொன்றிருந்தது.
இந்த நோய் உயிருள்ளதைத்தான் தின்னும்.
பிணத்தில் அதற்குச் சோறில்லை.
செத்ததில் மட்டும் ஏறும் நீலம்
ஒரே ஒரு அறையில்.
பக்கத்து வீடுகளில் ஒன்றும் தெரியாது.

“தியாகம்” என்று நாக்கு நுனிவரை வந்தது.
திருநீற்றை எழுதாத கை இதையும் எழுதவில்லை.
செல் இறப்பு: உண்டு.

இனிதான் வேலை.
கடைத் தக்காளியின் மொட்டைப் பிரித்து
மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு
நாற்பத்தேழின் மகரந்தத்தைத் தடவினேன்.
அறுபது பூவுக்கு மூன்று காய்.
மூன்று காயில் பதினொரு விதை.
அந்தப் பிள்ளைகளும் கசக்கும்.
மறுபடி தக்காளியோடு சேர்க்கணும், மறுபடி, மறுபடி,
கசப்பு போகணும், அது மட்டும் தங்கணும்.
ஆறு தலைமுறை ஆகும் என்கிறார் டாக்டர் கோ.
என் ஒப்பந்தம் இரண்டு வருடம்.

சாயங்காலம் தேக்காவில்
தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த என்னிடம்
“எல்லாம் ஒண்ணுதாம்மா, எடுங்க” என்றார் கடைக்காரர்.
இல்லைங்க என்று சொல்ல வந்து,
அரைக் கிலோ போடச் சொன்னேன்.
சில்லறையை எண்ணிக் கொடுத்த விரலில்
இன்னும் அந்த மூட்டைப்பூச்சி வாடை.