மொட்டைமாடியில் பாரை

கடல் இங்கிருந்து ஐந்து மணி நேரம்,
திண்டிவனத்தில் டீ குடித்தால் இன்னும் கொஞ்சம்.
கயாக் மட்டும் எங்கள் மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
மஞ்சளாய்க் கிடக்கிறது.
எதிர்வீட்டு ஷமீம் அக்கா ஒரு மாதம்
அதை சோலார் ஹீட்டர் என்றே நம்பினார்.

மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்க்கும் வேடியப்பன்
இரவு ஷிப்ட் முடிந்து, தூங்காமல்,
அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்தான்.
பக்கத்தில் மூன்று தூண்டில் கோல்கள்.
இரண்டைத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.
பத்து நாள் கெடுவில்
இன்று ஒன்பதாவது நாள்.

"நீதான் மீன்" என்றான்.
"என்ன மீன்?"
"பாரை. நாலு கிலோ."
என் எடை அறுபத்தொன்று. சொல்லவில்லை.
பின்னல் நரம்பு வெறுங்கையை அறுக்கும் என்று
மணிக்கட்டில் பழைய துண்டைச் சுற்றி
அதன்மேல் முடிச்சுப் போட்டான்.

முதல் கோல் எட்டடி.
தொட்டிவரை ஓடினேன், அழகாக வளைந்தது.
அணைக்கரையில் நின்று வீசுபவனுக்கு
அதைவிட நல்ல கோல் கிடையாதாம்.
உட்கார்ந்தவனுக்கோ அடிக்கட்டை
மிதவைச் சட்டையின் கொக்கியில் இடித்தது,
நுனி கொடியில் ஏறி
என் பாவாடையைப் பிடித்தது.
அன்றைய முதல் மீன் அதுதான்.

இரண்டாவது ஐந்தரை அடி, கைக்கு அடக்கம்.
மீன் நேராகவே ஓடும் என்று யார் சொன்னது?
நான் மூக்கைச் சுற்றி மறுபக்கம் போனேன்.
அவன் இடுப்பு பாதிதான் திரும்பியது,
கோல் மூக்கைத் தாண்டவில்லை,
நரம்பு பிளாஸ்டிக் விளிம்பில் உரசி
டப்.
"மீன் போச்சு" என்றான் நிஜமான துக்கத்தோடு.
நான் அவன் முன்னால்தான் நின்றிருந்தேன்.

மூன்றாவது ஏழடி, அடிக்கட்டை குட்டை.
மீண்டும் சுற்றினேன்.
நுனியை முன்னால் நீட்டி
மூக்கை ஒரு வட்டமாய்க் கடந்து
என் பின்னாலேயே வந்தான்.
புது ரீல், உப்புநீர் புகாத மூடி.
பழையதைப் பிரித்தபோது உள்ளே
வெள்ளைப் பொருக்கு,
நாங்கள் கழுவாமல் விட்ட கடலூர்.
இது கிர்ர்ர் என்று பாடியது.
"இன்னும் இறுக்கறேன். இழு."
இழுத்தேன்.

பக்கவாட்டில்தான் இழுத்தேன், ஓரே ஒரு இழுப்பு.
படகின் வயிறு உருண்டது.
கோலை விடாமல் அவன் சரிந்து
முழங்கை தரையில் தேய்ந்தது,
போன மாதக் காயம் காய்ந்திருந்த
அதே முழங்கை.

போன மாதம் கோல் இல்லாமல் வந்தான்.
"கடல்ல விழுந்துடுச்சு" என்றான்.
கோலின் விலைக்காக
இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

"கோல் மட்டுமா விழுந்தது?"
மலைப்பக்கம் பார்த்தான்.
"கரைக்கு எவ்ளோ தூரம்?"
"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."
"கூட யாரு?"
"குப்புராசு போட்ல இருந்தாப்ல. தூக்கிட்டாப்ல."

கீழே போய்க் கயிறும் கத்திரியும்
மாம்பழம் நிறுக்கும் கைத்தராசும் எடுத்துவந்தேன்.
நரம்பைத் தராசில் மாட்டி
முள் ஒன்றரை கிலோ தொட்டதும் ரீல் விடும்படி
இறுக்கத்தைத் தளர்த்தச் சொன்னேன்.
அந்த இடத்தில் திருகின்மேல்
என் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.
கோலுக்கு ஒரு கயிறு, துடுப்புக்கு ஒன்று,
குறடுக்கு ஒன்று.
"உனக்கு?"
"எனக்குக் கட்டக்கூடாது. கவுந்தா
படகுக்கடியிலயே மாட்டிக்குவேன்."
தெரிந்துதான் வைத்திருக்கிறான்.
மகனின் பி.டி. பீரியட் விசிலை
சட்டையில் தைத்துக் கொடுத்தேன், இரட்டை நூலில்.

வெயில் ஏறிவிட்டது.
சேலம் ரோட்டில் லாரிகள்.
எட்டடியையும் ஐந்தரையையும்
அட்டைக்குழாயில் திணித்துக்கொண்டிருந்தான்.
ஷமீம் அக்கா சுவரோரம் வந்து
"மாட்டுச்சா?" என்றார்.
நரம்பு இன்னும் என் கையில்தான் இருந்தது.
"இல்லக்கா, நழுவிருச்சு" என்று
துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு
உலை வைக்கப் போனேன்.