மூன்றாம் பருவம், அலுவலக மேசை

அலமாரியில் இடமில்லை.
நெட்பால் கோப்பை அச்சு இயந்திரத்தின் மேல்;
தாள் வெளிவரும்போதெல்லாம் நடுங்குகிறது.

கணிதப் போட்டியில் தெஷ்னிக்கு வெண்கலம்.
சான்றிதழில் அவள் பெயருக்கு ஓர் எழுத்து குறைவு.
பிரிட்டோரியாவுக்கு மூன்று முறை பேசிவிட்டேன்.
"மார்க் சரியாத்தானே இருக்கு, ஆன்ட்டி."

விவாதக் குழு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தோற்றுவிட்டு
வண்டியிலும் வாதாடிக்கொண்டே வந்ததாம்.
ஓட்டுநர் கோவிந்தர்
காதில் பஞ்சோடு டீசல் ரசீதை நீட்டினார்.

அப்புறம் டிராக்கன்ஸ்பர்க்.
நாற்பத்தொரு சீட்டு, நாற்பத்தொரு கையொப்பம்.
லுங்கேலோவின் அம்மா இரவுப் பணி நர்ஸ்,
தன் பெயரை இத்தனை அழகாகச் சுழிக்கமாட்டார்.
அழைத்தேன்.
தூக்கம் கலைந்த குரல்:
"பேனாவை நான்தான் கொடுத்தேன்.
போகட்டும், அவன் பனி பார்த்ததில்லை."

வெள்ளி இரவு, மழையில் திரும்பினார்கள்.
அவன் பிளாஸ்கில் அடைத்து வந்த பனி
சாட்ஸ்வொர்த்துக்கு முன்பே தண்ணீர்.
ஆனாலும் மூடியைத் திறக்கவிடவில்லையாம் யாரையும்.

திங்கள் காலை
வண்டிக் குறிப்பேட்டில் கோவிந்தரின் கிறுக்கல்:
கூடுதல் தூரம் நான்கு கிலோமீட்டர்,
ஆஸ்பத்திரி வாசல் வழியாக.
காரணம்: பனி.

தலைமையாசிரியர் கேட்பதற்குள்
நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன்,
கொஞ்சம் சுழித்து.